வாசல்ல போட்ட ஆறு முனை நட்சத்திரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க சைட்ட நாலஞ்சு வருஷமா படிக்கிறேன், கடிதம் எழுதுறது இதான் முதல் தடவ. எங்க அக்கா கல்யாணம் ஆகி ஜெர்மனில இருக்காங்க. தைப்பூசத்தன்னிக்கு அபார்ட்மெண்ட் வாசல்ல சாக்பீஸால ஆறு முனை நட்சத்திரம் போட்டு நடுவுல வேல் வரைஞ்சிருக்காங்க, எங்க அப்பத்தா காலத்துல இருந்து வீட்ல போடறதுதான். எதிர் வீட்டு ஜெர்மன் பாட்டி அதப் பாத்து அப்படியே நின்னுட்டாங்களாம். முகமே மாறிப்போச்சாம். அப்புறம் மெதுவா நீங்க யூதரான்னு கேட்டாங்களாம். அக்கா இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு, அதுக்கு மேல விளக்க பாஷை வராம உள்ள வந்துட்டாங்க.

இத ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல சொன்னதுதான் தாமதம், மாமா ஒரு ஃபார்வர்ட் போட்டாரு, யூதர்களுக்கு அந்த நட்சத்திரமே முருகன் கிட்ட இருந்துதான் போச்சுன்னு. சித்தப்பா இன்னொன்னு போட்டாரு, தாவீது ராஜாவோட படை வீரர்கள் கேடயத்துல 3000 வருஷம் முன்னாடியே இது இருந்துச்சுன்னு. எது உண்மைக்கா? அவங்களுக்கு அதோட அர்த்தம்தான் என்ன? அக்கா இனிமே அத வாசல்ல போடலாமா வேண்டாமா?

ர., ஈரோடு

—

அன்புள்ள தம்பி,

உங்க மாமா சொன்னதும் சரியில்ல, சித்தப்பா சொன்னதும் சரியில்ல. ஆனா சித்தப்பா சொன்னத யூதர்கள்லயே நிறைய பேர் நம்புறாங்க, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல பேரு. நாம, இங்கிலீஷ்காரங்க எல்லாம் தாவீதின் நட்சத்திரம்னு சொல்றோம், ஹீப்ரூல அதுக்குப் பேரு மாகேன் தாவீத், அதுல நட்சத்திரம்ங்கிற வார்த்தையே கிடையாது, மாகேன்னா கேடயம். நம்ம ஊர் பைபிள்ல சங்கீதம் படிச்சவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும், "கர்த்தர் என் பெலனும் என் கேடகமுமாயிருக்கிறார்"னு தாவீது பாடுறார்ல, அந்தக் கேடகம்தான். தாவீதோட கேடயம்னா அவர் கையில பிடிச்ச இரும்புத் தகடு இல்ல, அவரக் காத்த கடவுள். சனிக்கிழமை யூதர்களோட ஜெப ஆலயத்துல தீர்க்கதரிசிகளோட பகுதிய வாசிச்சு முடிச்சதும் சொல்ற ஜெபத்துல இன்னிக்கும் கடவுளை அந்தப் பேரால வாழ்த்துவாங்க. ஆக பேரு ரொம்பப் பழசு. ஆனா அந்தப் பேரு இந்த வடிவத்தோட வந்து ஒட்டிக்கிட்டது பல நூறு வருஷம் கழிச்சு. தாவீது ஆண்டது சுமாரா கி.மு. 1000. அவர் படை இந்த வடிவத்த கேடயத்துல வச்சிருந்துச்சுன்னு பைபிள்ல ஒரு வரி கிடையாது, யூதர்களோட சட்ட விளக்க நூலான தல்மூத்லயும் கிடையாது. பழைய ஹீப்ரூ எழுத்துல த முக்கோணமா இருக்கும், தாவீத்ங்கிற பேர்ல ரெண்டு த வருது, அந்த ரெண்டு முக்கோணத்தையும் சேத்தா நட்சத்திரம்னு ஒரு அழகான விளக்கம் சுத்திக்கிட்டு இருக்கு. கேக்க நல்லா இருக்கும், ஆனா ஆதாரம் ஒண்ணும் இல்ல, பின்னாடி வந்தவங்க கட்டினதுதான்.

அப்ப பழைய காலத்துல யூதர்களோட அடையாளம் எதுன்னு கேட்டா, விளக்கு. ஏழு கிளை விளக்கு, மெனோரா. யாத்திராகமத்துல நம்ம தமிழ் பைபிள்காரங்க அத குத்துவிளக்குன்னே மொழிபெயர்த்திருப்பாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச மொழிபெயர்ப்பு அது. கி.பி. 70ல ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்த இடிச்சுட்டு அந்த விளக்கத் தூக்கிக்கிட்டுப் போனத ரோம்ல டைட்டஸ் வளைவுல சிற்பமாவே செதுக்கி வச்சிருக்காங்க, இன்னிக்கும் போய்ப் பாக்கலாம். பழைய யூதக் கல்லறைகள்ல, ஜெப ஆலயத் தரைகள்ல எல்லாம் திரும்பத் திரும்ப வர்றது அந்த விளக்குதான்.

அப்ப ஆறு முனை நட்சத்திரம் அங்க இல்லவே இல்லையான்னா, இருந்துச்சு, ஆனா வெறும் அலங்காரமா. கலிலேயா ஏரிக்கரைல கப்பர்நகூம்னு ஒரு ஊர், பைபிள்ல வர்ற அதே ஊர்தான், அங்க ஒரு பழைய ஜெப ஆலயம் இடிஞ்சு கிடக்கு. அதோட கல் வேலைப்பாட்டுல ஆறு முனை நட்சத்திரம் இருக்கு, பக்கத்துல அஞ்சு முனை இருக்கு, அதே கல்வரிசைல ஸ்வஸ்திகாவும் இருக்கு, பின்னால ஹிட்லரோட நாஜிகள் தங்க சின்னமா எடுத்துக்கிட்ட அதே வடிவம். இத முதல்ல படிச்சப்ப நான் புத்தகத்த மூடி வச்சிட்டேன். ஒரு யூத ஜெப ஆலயத்துச் சுவர்ல, இந்த ரெண்டு சின்னமும் பக்கத்துல பக்கத்துல, பூ கொடி மாதிரி வெறும் அழகுக்காக. செதுக்கின கல்தச்சருக்கு பின்னால வரப்போறது என்ன தெரியும்.

இந்த வடிவம் எல்லார்கிட்டயும் இருக்கறதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள் தம்பி. ஸ்கூல் காம்பஸ எடுத்து ஒரு வட்டம் போடுங்க, காம்பஸ் அளவ மாத்தாம அந்த வட்டத்து மேலயே குறிச்சுக்கிட்டே வாங்க, மிச்சம் மீதி இல்லாம சரியா ஆறு புள்ளி வரும், ஒண்ணு விட்டு ஒண்ணு சேத்தீங்கன்னா நட்சத்திரம். உலகத்துல எந்த ஊர் தச்சனும் கொத்தனும் யாரும் சொல்லித் தராமலே இதக் கண்டுபிடிச்சிருப்பான். டெல்லில ஹுமாயூன் கல்லறைக்குப் போனா வளைவுகளுக்கு மேல வரிசையா ஆறு முனை நட்சத்திரம்தான். ஜெர்மனிலயே, பவேரியா பக்கம், வீட்ல பீர் காய்ச்சி வித்தா வாசல்ல மாட்ற போர்டு இதே வடிவம்தான், அதுக்கும் யூதர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நம்ம வீட்டு முருகன் சக்கரமும் அப்படித்தான், ஆறு மூலைல ச ர வ ண ப வ எழுதி நாம அதுக்கு ஒரு அர்த்தம் கொடுத்திருக்கோம், அது நமக்குப் போதும். இங்க இருந்துதான் அங்க போச்சுன்னு உங்க மாமா ஃபார்வர்ட் சொல்றதுக்கு ஒரு சான்றும் கிடையாது. அடுத்தவங்க ரத்தமும் கண்ணீரும் கலந்த ஒரு சின்னத்த, அவங்க வரலாறு ஒரு பக்கம் கூட படிக்காம, எங்களோடதுன்னு தூக்கிக்கிட்டு வர்றது எனக்குச் சங்கடமா இருக்கு, அத அவர்கிட்ட நான் சொன்னதாவே சொல்லிருங்க.

சரி, அலங்காரமா இருந்தது எப்படி யூதர்களோடதா ஆச்சு. நடுவுல மந்திரம், தாயத்து வழியா ஒரு பாதை இருக்கு. சாலமோன் ராஜா கையில ஒரு முத்திரை மோதிரம் இருந்துச்சு, அத வச்சு பேய் பிசாசுகள அடக்கி ஆண்டார்னு யூதர்களும் சொல்வாங்க, முஸ்லிம்களும் சொல்வாங்க, நம்ம ஊர்ல சுலைமான் நபி கதை கேட்டு வளந்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. அந்த முத்திரைய சில சமயம் அஞ்சு முனையா வரைவாங்க, சில சமயம் ஆறு முனையா. அரபு நாடுகள்ல சுலைமான் முத்திரைங்கற பேர்ல காசுல, பாத்திரத்துல, கட்டடத்துல எல்லாம் இருக்கும். 1008ல கெய்ரோல எழுதின ஒரு ஹீப்ரூ பைபிள் கையெழுத்துப் பிரதி, முழுசா கிடைச்சதுல அதான் ரொம்பப் பழசு, இப்ப ரஷ்யால செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்துல இருக்கு, அதுல ஒரு அலங்காரப் பக்கத்துல பெருசா இந்த நட்சத்திரம்தான். அப்பவும் அது மதச் சின்னம் இல்ல, அழகு. தாயத்துகள்ல காவலுக்காக இந்த வடிவத்தப் போட்டு, சுத்தி தேவதூதர்கள் பேர எழுதற வழக்கம் இருந்துச்சு, காக்கிற கேடயம்ங்கிற பேரு இது மேல வந்து உக்காந்தது அந்த வழிலதான். 1300களோட தொடக்கத்துல, நக்மனிதீஸ்ங்கிற பெரிய யூத அறிஞரோட பேரன் எழுதின ஒரு கப்பாலா நூல்லதான் (கப்பாலான்னா யூதர்களோட மறைஞான மரபு) ஆறு முனை வடிவத்துக்கு மாகேன் தாவீத்ங்கிற பேரு முதல்ல கிடைக்குது. அதுக்கப்புறமும் ரொம்ப காலம் சிலர் சாலமோன் முத்திரைன்னாங்க, சிலர் தாவீது கேடயம்னாங்க.

ஒரு ஊர் யூதர்கள் ஒண்ணா சேந்து இது எங்க அடையாளம்னு பிடிச்சது ப்ராக் நகரத்துலதான். 1354ல நான்காம் சார்லஸ் அரசர் அந்த ஊர் யூதர்களுக்கு சொந்தமா ஒரு கொடி வச்சுக்க உரிமை கொடுத்தார்னு பாரம்பரியமா சொல்வாங்க. அங்க பழைய-புதிய ஜெப ஆலயம்னு ஒண்ணு இருக்கு, பேரே அதுதான், 1270 வாக்குல கட்டினது, இன்னிக்கும் உள்ள ஜெபம் நடக்குது. அதுல பெரிய கொடி ஒண்ணு தொங்கும், நடுவுல ஆறு முனை நட்சத்திரம், அதுக்குள்ள ஒரு தொப்பி, சுத்தி "இஸ்ரவேலே, கேள்"னு தொடங்கற வசனம். 1500கள்ல ப்ராக் யூத அச்சுக்கூடக்காரங்க தங்க புத்தகங்கள்ல இத முத்திரையா போட ஆரம்பிச்சாங்க, புத்தகம் போன ஊருக்கெல்லாம் நட்சத்திரமும் போச்சு. 1656ல வியன்னால யூதர் பகுதிக்கும் கிறிஸ்தவர் பகுதிக்கும் நடுவுல நட்ட எல்லைக்கல்லுல ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் இந்த நட்சத்திரம். சிலுவைக்கு எதிர்ல இதுன்னு வந்துருச்சு பாருங்க. 1800கள்ல ஐரோப்பா நாடுகள் யூதர்களுக்கு ஒவ்வொண்ணா குடியுரிமை கொடுக்க, அவங்க வெளிப்படையா பெரிய பெரிய ஜெப ஆலயம் கட்ட ஆரம்பிச்சாங்க, சர்ச் உச்சில சிலுவை இருக்கு, நம்ம உச்சில என்ன வைக்கிறதுன்னு யோசிச்சப்ப கைக்கு எட்டுன இடத்துல இது இருந்துச்சு. கெர்ஷோம் ஷோலம்னு ஒரு பெரிய ஆய்வாளர், கப்பாலா வரலாறுன்னா அவர்தான், 1949ல இந்த நட்சத்திரத்தப் பத்தியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், இத நான் முதல்ல புரிஞ்சுக்கிட்டது அதுலதான்.

1897ல சுவிட்சர்லாந்து பாஸல்ல முதல் சியோனிஸ மாநாடு, யூதர்களுக்குன்னு ஒரு நாடு வேணும்னு கேட்ட இயக்கம் அது. அத நடத்தின ஹெர்ட்ஸல் அதுக்கு முந்தின வருஷமே வெள்ளைக் கொடில ஏழு தங்க நட்சத்திரம்னு ஒரு யோசனை சொல்லியிருந்தார், ஒரு நாளைக்கு ஏழு மணி நேர வேலைங்கறதுக்காக ஏழு. ஆனா அவரோட நண்பர் டேவிட் வொல்ஃப்ஸோன், நமக்குத்தான் ஏற்கனவே ஒரு கொடி இருக்கே, ஜெபத்துக்குப் போத்திக்கிற தல்லித் துணின்னு, அந்த வெள்ளைத் துணியையும் நீலக் கோட்டையும் எடுத்து நடுவுல நட்சத்திரத்த வச்சார். 1948 அக்டோபர்ல அதுதான் இஸ்ரேல் கொடி ஆச்சு. ஆனா 1949ல அரசு முத்திரைக்குன்னு வந்தப்ப அவங்க எடுத்தது அந்தப் பழைய விளக்கத்தான், டைட்டஸ் வளைவுல இருக்கற அதே விளக்கு.

அர்த்தம் என்னன்னு கேட்டீங்க. இதுதான் அர்த்தம்னு யூத மதத்துல ஒரு சட்டம் கிடையாது. ஆறு முனை ஆறு வேலை நாள், நடு கட்டம் ஓய்வு நாள்னு சொல்வாங்க. மேல கீழ, நாலு திசைன்னு கடவுள் எங்கயும் இருக்கறதச் சொல்வாங்க. ஃப்ரான்ஸ் ரோஸன்ஸ்வைக்ங்கிற தத்துவவாதி 1921ல ஒரு முக்கோணத்த கடவுள், உலகம், மனுஷன்னும் இன்னொண்ண படைப்பு, வெளிப்பாடு, மீட்புன்னும் வச்சு ஒரு பெரிய நூலே எழுதினார். எல்லாமே வடிவம் வந்த அப்புறம் வந்த அர்த்தம். அதனால அதுக்கு மதிப்பு குறைஞ்சிடாது.

ஆனா அந்தப் பாட்டி முகம் மாறினதுக்குக் காரணம் இதுல எதுவுமே இல்ல. 1933 ஏப்ரல் 1ம் தேதி நாஜிகள் யூதர் கடைகளப் புறக்கணிக்கச் சொன்னப்ப கடைக் கண்ணாடிகள்ல பெயிண்டால அடிச்சது இந்த நட்சத்திரத்தத்தான். 1939 நவம்பர்ல ஆக்கிரமிச்ச போலந்துல பத்து வயசுக்கு மேல இருந்த யூதர்கள் எல்லாம் வெள்ளைத் துணில நீல நட்சத்திரம் போட்டு கையில கட்டணும்னாங்க. 1941 செப்டம்பர் 19ல இருந்து ஜெர்மனில ஆறு வயசு ஆன குழந்தைல தொடங்கி எல்லாரும் மஞ்சள் நட்சத்திரத்த இடது நெஞ்சுல தைக்கணும், நடுவுல யூதன்னு எழுதியிருக்கும். அந்தத் துணியையும் அவங்களே காசு கொடுத்து வாங்கணும். நாஜிகள் ஆக்கிரமிச்ச ஃபிரான்ஸ் பகுதில 1942 ஜூன்ல, ஒருத்தருக்கு மூணு நட்சத்திரம், அதுக்கு அவங்க துணி ரேஷன்ல ஒரு பாயிண்ட கழிச்சுக்கிட்டாங்க. விக்டர் க்ளெம்பரர்னு ட்ரெஸ்டன்ல ஒரு பேராசிரியர், மனைவி யூதர் இல்லங்கறதால தப்பிப் பிழைச்சவர், அந்தப் பன்னெண்டு வருஷ நரகத்துல யூதர்களுக்கு ரொம்பக் கொடுமையான நாள் எதுன்னு கேட்டா அந்த செப்டம்பர் 19தான்னு எழுதியிருக்கார். அடி வாங்குன நாள் இல்ல, பட்டினி கிடந்த நாள் இல்ல, நட்சத்திரத்த தச்சுக்கிட்டு தெருவுல இறங்குன நாள்.

ஐரோப்பால யூதர்கள் தனி அடையாளம் போடணும்ங்கறது 1215லயே சர்ச் போட்ட சட்டம்தான், ஆனா அப்ப பெரும்பாலும் வட்டமா ஒரு துணி வளையம், இல்லன்னா கூம்புத் தொப்பி. நட்சத்திரத்த எடுத்தது நாஜிகள். ஏன்னா அதுக்குள்ள அது யூதர்கள் ஆசையா, பெருமையா வச்சிருந்த சின்னமா ஆகியிருந்துச்சு. அதையே எடுத்து அவங்க நெஞ்சுல குத்தினாங்க. கேடயம்னு பேரு வச்ச ஒண்ண. ஷோலம் சொல்றதும் இதான், அந்த நட்சத்திரத்துக்கு உண்மையான புனிதம் வந்தது பழைய மந்திர நூல்களால இல்ல, அதப் போட்டுக்கிட்டு சாவுக்கு நடந்தவங்களாலங்கறார். நான் அதோட முழுசா ஒத்துப்போறேன்.

அக்கா தாராளமா கோலம் போடட்டும். அடுத்த தடவ ஆறு மூலைலயும் ச ர வ ண ப வ எழுதச் சொல்லுங்க, அப்ப அது வேறன்னு பாத்த உடனே தெரியும். அந்தப் பாட்டிகிட்ட ஒரு தடவ உக்காந்து பேசட்டும், ஜெர்மன் சரியா வரலைன்னா ஃபோன்ல ட்ரான்ஸ்லேட் போட்டாவது, இது எங்க சாமியோட சக்கரம், உங்களுக்கு இதப் பாத்தா என்ன ஞாபகம் வரும்னு எனக்குத் தெரியும்னு சொல்லட்டும். அவங்க வீட்ல யாரு என்னவா இருந்தாங்கன்னு நாமளா எதையும் முடிவு பண்ணிக்க வேண்டாம், அவங்களா சொன்னா கேட்டுக்கட்டும். அப்புறம், ஜெர்மனி ஊர்கள்ல நடைபாதைல பத்து சென்டிமீட்டர் அளவுக்கு சின்னச் சின்ன பித்தளைக் கல் பதிச்சிருப்பாங்க, இந்த வீட்ல இன்னார் இருந்தாங்க, இந்த வருஷம் பிறந்தாங்க, இந்த வருஷம் கொண்டு போனாங்க, எங்க கொன்னாங்கன்னு எழுதியிருக்கும். அக்கா வீட்டுத் தெருவுல ஒண்ணு இருக்கான்னு குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க, இருந்தா அதுல என்ன பேருன்னு எனக்கும் எழுதுங்க.

அன்புடன்,
அக்கா