சிக்னல் முழுமையாக இருந்தும் வைஃபை ஊர்வது ஏன்?

கேள்வி: எங்கள் பயிற்சிக் கூடத்தில் நாற்பது பேர் ஒரே வைஃபை ரவுட்டரைப் பயன்படுத்துகிறோம். எல்லாக் கைபேசிகளிலும் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. கூட்டம் நிறைந்த நேரத்தில் மடிக்கணினியைக் கம்பிவழி இணைத்துப் பார்த்தாலும் இணைய வேகம் நன்றாகவே உள்ளது. ஆனால் வைஃபை ஊர்கிறது. அதிகத் திறனுள்ள ரவுட்டர் வாங்குவதா, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் பொருத்துவதா?

பதில்: கம்பிவழி வேகம் குறையவில்லை என்பதால் தடை காற்றுவெளியில்தான் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் இரண்டு கருவிகளாலும் அது நீங்காது. ரிப்பீட்டர் நிலைமையை மேலும் மோசமாக்கக்கூடும்.

ஓர் அலைவரிசையின் வழியே பிழையின்றி அனுப்பக்கூடிய தகவலுக்கு உச்சவரம்பு உண்டு என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் கணிதமுறைப்படி நிறுவினார். அந்த வரம்பு அலைவரிசையின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. சிக்னல் இரைச்சலைவிட எத்தனை மடங்கு வலிமையானது என்பதைப் பொறுத்தோ மடக்கை அளவில்தான், அதாவது மிக மெதுவாகத்தான், உயர்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் இரைச்சலைப்போல 1000 மடங்கு சிக்னலும் இருந்தால் வரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 200 மெகாபிட். சிக்னலை அனுப்பும் திறனை இரட்டித்தால் அது 220 ஆகும், அவ்வளவே. திறனை மாற்றாமல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிக்கும் என்றாலும், வரம்பு 360-ஐ நெருங்கும். பல ஆன்டெனாக்களைக் கொண்டு இந்த எண்களை உயர்த்தலாம். ஆனால் கைபேசிகளில் பொதுவாக ஒன்றிரண்டு ஆன்டெனாக்களே இருப்பதால் அந்த ஆதாயமும் அளவோடுதான் கிடைக்கும்.

உங்கள் கூடத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது, இந்த வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைப்பதல்ல, ஒரே அலைவரிசையில் இருக்கும் நாற்பது பேரும் பகிர்ந்துகொள்வது என்பதே. பொதுவாக ஒருவர் அனுப்பும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைச் சிக்னல் கோடுகள் காட்டுவதில்லை. மூலையிலிருக்கும் பழைய கைபேசி ஒன்று குறைந்த வேகத்தில் பேசினால், அதே அளவு தரவுக்கு அது பல மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்வதால், ரவுட்டருக்கு அருகில் அமர்ந்திருப்பவரின் வேகமும் குறைகிறது.

அதே அலைவரிசையில் இயங்கும் ரிப்பீட்டர் ஒவ்வொரு தரவையும் வாங்கி மறுபடியும் அனுப்புவதால், ஒரே செய்திக்குக் காற்றுவெளி இருமுறை செலவாகிறது. கம்பியின்றிக் கைமாற்றிச் செல்லும் வலையமைப்புகளில், கருவிகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கியே தீரும் என்பதை பியூஷ் குப்தாவும் பி. ஆர். குமாரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

ஆகவே, கம்பிவழி இணைக்கப்பட்ட இரண்டு அல்லது மூன்று ஆக்சஸ் பாயின்ட்களை (வைஃபை சிக்னல் தரும் கருவிகளை) கூடத்தின் வெவ்வேறு பகுதிகளில் வைத்து, ஒவ்வொன்றையும் தனி அலைவரிசையில் இயக்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய எண்களுள்ள மூன்றே என்பதால், முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றின் திறனையும் குறைத்தே வையுங்கள். கூட்டினால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்கு இரைச்சலாகும், கைபேசிகளும் தொலைவிலுள்ளதையே பற்றிக்கொண்டிருக்கும். அகலமான அலைவரிசை ஒருவருக்கு வேகம் தரும் என்றாலும், அருகருகே பல ஆக்சஸ் பாயின்ட்கள் இருக்கும் இடத்தில் 20 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, மோதல் இல்லை என்று உறுதியான பிறகே 40-க்கு மாற்றுங்கள்.