வாசகர் கேள்வி–பதில்: ஒரே பீடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

பிரிந்து நிற்கும் திருச்சபைகளை ஒன்றுசேர்க்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு முயற்சிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கிறிஸ்து ஒருவர், வேதம் ஒன்று என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை சபைகள்? பேச்சுவார்த்தை நடக்கிறது, நடக்கிறது என்று கேட்டே எனக்கு வயதாகிவிட்டது. அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிளவுகள் எல்லாம் ஒரே சண்டையில் வந்தவை அல்ல. 431இல் எபேசுவிலும் 451இல் கல்கதோனிலும் கூடிய சங்கங்களின் (திருச்சபைத் தலைவர்களின் பொதுக்கூட்டங்கள்) முடிவுகளை ஏற்காமல் கிழக்கு அசீரியத் திருச்சபையும், காப்டிக், சிரிய, ஆர்மீனியத் திருச்சபைகளும் தனித்து நின்றன. ரோமும் கான்ஸ்டாண்டினோப்பிளும் விலகியதற்கு 1054ஐ அடையாள ஆண்டாகச் சொல்கிறோம். மார்ட்டின் லூத்தரால் மூண்ட விவாதம் 1517இல் தொடங்கியது. காரணங்கள் வேறுவேறாக இருப்பதால், ஒவ்வொரு பிளவையும் தனித்தனியாகத்தான் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பேச்சுவார்த்தைகளுக்கு வித்திட்டது 1910இல் எடின்பரோவில் நடந்த உலக நற்செய்திப் பணி மாநாடு என்பது பொதுவான கணிப்பு. தங்கள் நாட்டுச் சண்டைகளை மற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்கிறோமே என்ற கூச்சம் அங்கு வந்தவர்களுக்கு இருந்தது. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் 147 திருச்சபைகள் கூடி உலகத் திருச்சபைகள் மன்றத்தை நிறுவின. கத்தோலிக்கத் திருச்சபை அதில் சேரவில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1928இல், திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இத்தகைய கூட்டங்களில் கத்தோலிக்கர் பங்கேற்கக் கூடாது என்று தடுத்திருந்தார். அதே திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஒன்றிப்புக்கென்றே தனி ஆணை ஒன்றை வெளியிட்டது. முப்பத்தாறு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய திருப்பம் என்பது திருச்சபைகளின் நடையைப் பொறுத்தவரை ஓட்டம்தான்.

பேச்சில் பாதி நேரம் சொற்களுக்கே போகிறது. நம் தமிழையே பாருங்கள்: ‘ஆயர்’ என்றால் கத்தோலிக்கருக்கு மறைமாவட்டத் தலைவர், தென்னிந்தியத் திருச்சபையாருக்கோ உள்ளூர்ச் சபையின் குரு. அவர்கள் தங்கள் தலைவரைப் ‘பேராயர்’ என்பார்கள், கத்தோலிக்கருக்கு அது ஆயரைவிட உயர்ந்த இன்னொரு பதவி. ஒரே மொழி பேசும் அண்டை வீட்டுக்காரர்களுக்கு இடையிலேயே இப்படி என்றால், கிரேக்கத்திலும் சிரியத்திலும் லத்தீனிலும் எழுதிக்கொண்டவர்களின் நிலை என்ன? கிறிஸ்துவின் இயல்பு ஒன்றா இரண்டா என்று கல்கதோனில் எழுந்த பிணக்கு அத்தகையது. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் திருச்சபைத் தலைவர் மூன்றாம் செனூடாவும் அந்தப் பழைய எண்ணிக்கைத் தகராறைத் தள்ளிவைத்து, கிறிஸ்து முழுமையான கடவுள், முழுமையான மனிதர், இரண்டும் அவரில் கலப்பின்றியும் பிரிவின்றியும் ஒன்றியுள்ளன என்று கூட்டாக அறிக்கையிட்டார்கள். பதினைந்து நூற்றாண்டுச் சச்சரவு ஒரே பத்தியில் அடங்கியது. வேதனை என்னவென்றால், 2024 மார்ச்சில் காப்டிக் திருச்சபை கத்தோலிக்கருடனான இறையியல் பேச்சை நிறுத்திவைத்தது. இம்முறை காரணம் கிறிஸ்துவின் இயல்பு அல்ல, ஒரே பாலின இணையருக்கு ஆசி வழங்குவது பற்றி 2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிவிப்பு. பழைய வழக்கு முடிவதற்குள் புதியது பதிவாகிவிடுகிறது.

கேள்வி: ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் கிழக்கும் மேற்கும் பிரிந்தன என்று படித்தேன். நம்ப முடியவில்லை.

நம்பாதது சரியே. தூய ஆவியார் “தந்தையிடமிருந்து” புறப்படுகிறார் என்று 381ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை சொல்கிறது. மேற்கில் அதனுடன் “மகனிடமிருந்தும்” என்பதைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் மெல்லப் பரவி, 1014இல் ரோமின் வழிபாட்டிலும் ஏறிவிட்டது. கிழக்கின் கிரேக்கரின் குறை இரண்டு: ஒன்று கருத்தைப் பற்றியது, மற்றது எல்லாரும் கூடி எழுதியதை ஒருவர் மட்டும் எப்படித் திருத்தலாம் என்பது. இரண்டாவதுதான் ஆழமாகத் தைத்தது என்பது என் எண்ணம். 1054இல் நடந்தது திருத்தந்தையின் தூதருக்கும் கான்ஸ்டாண்டினோப்பிளின் முதுபெரும் தந்தைக்கும் இடையே மூண்டு, ஒருவரையொருவர் சபித்ததில் முடிந்த கடுமையான சினப் பரிமாற்றமே. 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டினோப்பிளைக் கொள்ளையிட்டதுதான் மக்களின் மனத்தை அறுத்தது.

கருத்து வேறுபாட்டைத் தீர்க்கவே முடியாது என்பதும் உண்மையல்ல. 1439இல் ஃபிளாரன்ஸ் சங்கத்தில் அதைத் தீர்த்துக் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் கிழக்கின் பேரரசர் அங்கு வந்திருந்தது துருக்கியருக்கு எதிராகப் படை உதவி தேடி. எபேசு ஆயர் மாற்கு கையெழுத்திட மறுத்தார். ஊர் திரும்பிய மற்றவர்களை மக்கள் ஏற்காததால் பலர் தாங்கள் இட்ட கையெழுத்தையே மறுதலித்தார்கள். கையெழுத்திட மறுத்த மாற்குவையோ மக்கள் ஏற்றார்கள். இன்று ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரைப் புனிதராக வணங்குகிறது. மேலிடத்தில் கையெழுத்தாகும் உடன்பாடு கீழே பீடத்தின் முன் நிற்பவரால் ஏற்கப்பட வேண்டும். இதை இறையியலார் ‘ஏற்பு’ என்று அழைக்கிறார்கள். ஒன்றிப்பு முயற்சிகளில் பெரும்பாலானவை சறுக்குவது இந்தப் படியில்தான். 1054இன் சாபங்களை 1965 டிசம்பர் 7 அன்று ஆறாம் பவுலும் கான்ஸ்டாண்டினோப்பிள் முதுபெரும் தந்தை அத்தனகோராவும் நீக்கிவிட்டார்கள். இருந்தும் இரு தரப்பும் இன்றளவும் ஒரே பீடத்தில் நற்கருணைப் பலி நிறைவேற்றுவதில்லை.

கேள்வி: நம்பிக்கையால் மட்டுமே மீட்பு என்று லூத்தர் சொன்னதை ரோம் 1999இல் ஒப்புக்கொண்டுவிட்டதாம். அப்படியானால் லூத்தர் வென்றுவிட்டாரா?

அதை வெற்றி தோல்வியாகப் பார்த்தால் அந்த ஆவணம் கையை விட்டு நழுவிவிடும். 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரின் புனித அன்னாள் ஆலயத்தில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட அந்தக் கூட்டறிக்கைக்கு 44 பத்திகள். அதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். சர்ச்சைக்குரிய ஒவ்வொரு பொருளிலும் முதலில் “நாம் சேர்ந்து அறிக்கையிடுகிறோம்” என்று தொடங்கும் ஒரு பத்தி, அடுத்து லூத்தரன்கள் அதை எப்படி விளக்குகிறார்கள், கத்தோலிக்கர் எப்படி விளக்குகிறார்கள் என்று இரண்டு பத்திகள். முதல் பத்தியின் அடிப்படை உறுதியாக இருந்தால், அடுத்த இரண்டும் வேறு நடையில் இருப்பது திருச்சபையைப் பிளக்கத் தேவையில்லை என்பதே அதன் வாதம். நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதும், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பதும் பொதுவான அடிப்படை. பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர் மேல் ஒருவர் வீசிய கண்டனங்கள், இந்த அறிக்கையில் சொல்லியிருக்கும் வடிவிலான போதனைக்குப் பொருந்தாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கண்டனங்கள் தவறு என்று எவரும் சொல்லவில்லை, இன்றைய எதிர்த்தரப்பார் அவற்றின் இலக்கு அல்லர் என்றே சொன்னார்கள். இத்தகைய நுணுக்கத்தைக் கேலி செய்வது எளிது. ஆனால் முன்னோர் சொன்னது பொய் என்று எவரையும் சொல்லவைக்காமல் உறவைச் சீராக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் எதிர்ப்பு வராமல் இல்லை. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் இறையியல் பேராசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். வத்திக்கானும் 1998இல் ஐயங்களை எழுப்பியது. நீதிமானாக்கப்பட்டவர், அதாவது கடவுள் அருளால் ஏற்றுக்கொண்டவர், அதே வேளையில் பாவியாகவும் இருக்கிறார் என்ற லூத்தரின் வாசகம் அவற்றில் ஒன்று; அதன்பின் ஒரு பிற்சேர்க்கை எழுதி விளக்கிய பிறகே கையெழுத்தானது. 2006இல் மெத்தடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக அமைப்பும் அதனுடன் இணைந்துகொண்டன. இத்தனைக்கும் பிறகு, ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்பவர்களில் எத்தனை பேர் அந்த 44 பத்திகளைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பதை நீங்களே உங்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கர், என் கணவர் லூத்தரன். அவர் ஆலயத்தில் என்னைத் திருவிருந்துக்கு அழைக்கிறார்கள். எங்கள் ஆலயத்தில் நற்கருணை வேளையில் அவர் இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறார். எங்கள் திருமுழுக்கை இரு பக்கமும் ஏற்கிறார்கள், மேசையில் மட்டும் ஏன் மறுக்கிறார்கள்?

வந்த கேள்விகளில் மிகக் கடினமானது இது. ஆவணங்கள் எல்லாம் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் உங்கள் கணவர் அமர்ந்திருக்கும் அந்த இருக்கைதான்.

நற்கருணை ஒன்றிப்புக்கு வழியா, அடைந்த ஒன்றிப்பின் அடையாளமா என்பதே விவாதத்தின் மையம். வழி என்று கருதும் பல புராட்டஸ்டன்ட் திருச்சபைகள், அழைப்பவர் கிறிஸ்துவே, நாம் எப்படித் தடுப்பது என்று திருமுழுக்குப் பெற்ற எல்லாரையும் வரவேற்கின்றன. அடையாளம் என்று கருதும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள், இல்லாத ஒற்றுமையை இருப்பதாகக் காட்டக் கூடாது என்று கதவை இறுகச் சாத்துகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டையும் சொல்லிவிட்டு நடுவில் நிற்கிறது: ஒற்றுமைக்குச் சாட்சி பகர்வது என்ற நெறி பொதுவாகத் தடுக்கிறது, அருளைப் பெற வேண்டிய தேவை சில வேளைகளில் அனுமதிக்கிறது என்பது 1964ஆம் ஆண்டு ஆணையின் கருத்து. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் விதி, மரண ஆபத்திலோ வேறு கடும் தேவையிலோ, தம் குருவை அணுக முடியாத புராட்டஸ்டன்ட் ஒருவர், கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்றுத் தாமாகக் கேட்டால் நற்கருணை தரலாம் என்கிறது. ஒரே வீட்டில் வாழும் தம்பதியர் பீடத்தின் முன் பிரிந்து நிற்பது கடும் தேவையா? ஜெர்மனியின் ஆயர்களில் பெரும்பான்மையோர் 2018இல் சிலருக்கு அது தேவையே என்று கருதி வழிகாட்டி ஒன்றைத் தயாரித்தபோது, ஏழு ஆயர்கள் அதை எதிர்த்து ரோமுக்கு எழுதினார்கள்.

உங்கள் கேள்வியையே 2015 நவம்பரில் ரோமின் லூத்தரன் ஆலயத்தில் ஒரு பெண் திருத்தந்தை பிரான்சிஸிடம் கேட்டார். அவர் லூத்தரன், கணவர் கத்தோலிக்கர். திருத்தந்தை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆண்டவரோடு பேசிவிட்டு முன்னே செல்லுங்கள், அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்ற பொருளில் பதிலளித்தார். சட்ட அறிஞர்கள் இதனால் எரிச்சலடைந்தார்கள். எனக்கோ இது நேர்மையான பதிலாகவே பட்டது.

தடை வெறும் பிடிவாதத்தால் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அப்பத்தில் கிறிஸ்துவின் உண்மைப் பிரசன்னத்தை லூத்தரன்களும் நம்புகிறார்கள், அதில் இடைவெளி குறைவு. சிக்கல், பீடத்தில் நிற்பவரின் குருத்துவம் செல்லுமா என்பதில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று பதின்மூன்றாம் லியோ 1896இல் அறிவித்தது இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. கோட்பாடுகளில் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது, “உம் குருவும் குருவே” என்று சொல்வதில்தான் நாக்கு எழவில்லை. உங்கள் குருவிடமும் ஆயரிடமும் நேரடியாகப் பேசுங்கள். நடைமுறை மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறுபடுகிறது.

கேள்வி: இதெல்லாம் ஒரே உலக மதத்தை உருவாக்கும் சூழ்ச்சி என்கிறார்களே?

உலகத் திருச்சபைகள் மன்றம் 1950இலேயே டொராண்டோவில், தான் ஒரு மகா திருச்சபை அல்ல, அப்படி ஆகவும் கூடாது என்று எழுதிவைத்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஒரு பொதுத் தேதியைக்கூட இவர்களால் இன்னும் முடிவுசெய்ய இயலவில்லை. 1997இல் அலெப்போவில் தெளிவான ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டும், 2027இல் மேற்குத் திருச்சபைகள் மார்ச் 28 அன்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் மே 2 அன்றும்தான் கொண்டாடப் போகின்றன. சூழ்ச்சி செய்யும் திறமை இருந்திருந்தால் இதையாவது முடித்திருப்பார்கள்.

கேள்வி: பேச்சோடு நிற்காமல் உண்மையிலேயே இணைந்த திருச்சபைகள் உண்டா?

உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், ஆயர் ஆட்சி முறையுள்ள ஆங்கிலிக்கன்களும் அது இல்லாத மெத்தடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரகேஷனல் மரபினரும் இணைந்தார்கள். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. அதற்கு முன்னணியில் நின்ற வேதநாயகம் அசரியா, நிறைவேறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமானார். குருத்துவச் சிக்கலை அவர்கள் அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது: இனிமேல் எல்லாக் குருக்களையும் பேராயரே அருட்பொழிவு செய்வார், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களை மறுபடி அருட்பொழிவு செய்யாமல் அப்படியே ஏற்பது, முப்பது ஆண்டுகளில் இரண்டும் தானாக ஒன்றாகிவிடும். காலத்தையே ஒரு தரப்பாக உட்காரவைத்துப் பேசியது போன்ற தீர்வு இது. இதற்காக ஆங்கிலிக்கன் உலகில் சிலர் நெடுநாள் அவர்களை ஐயத்தோடே பார்த்தார்கள்.

கேள்வி: எருசலேமில் கல்லறைத் திருக்கோவில் முகப்பில், சன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி சும்மா கிடக்கிறது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் வழிகாட்டி சிரிக்கிறார். விளக்குவீர்களா?

அந்த ஏணி 1728ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றிலேயே இருக்கிறது. ஆறு திருச்சபைகள் பங்கிட்டுக்கொண்டுள்ள அந்தக் கோவிலில், ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒட்டோமான் கால ஏற்பாட்டின்படி, மற்றவர்கள் ஒப்பாமல் பொது இடத்தில் எதையும் நகர்த்தக் கூடாது. வாசல் சாவியே இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. 2008இல் கிரேக்க, ஆர்மீனியத் துறவியர் அங்கே கைகலப்பில் இறங்கினார்கள். உள்ளே கல்லறையின் மேல் எழுப்பிய சிறு மண்டபம் சரிந்துவிடாமல் இருக்க, 1947இல் ஆங்கிலேய அரசு சுற்றிலும் இரும்புச் சட்டங்களைப் பூட்டியது. யார் பழுதுபார்ப்பது என்ற இழுபறியில் அவை சுமார் எழுபது ஆண்டுகள் அப்படியே நின்றன. 2016இல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆர்மீனியத் திருச்சபைகள் மூன்றும் ஒப்பந்தம் செய்து, ஏதென்ஸ் பொறியியலாளர்களிடம் வேலையை ஒப்படைத்தன. அந்த அக்டோபரில் கல்லறைப் பலகையை அவர்கள் நகர்த்தியபோது மூன்று தரப்பாரும் அருகில் நின்று பார்த்தார்கள். 2017 மார்ச்சில் பணி முடிந்தது, இரும்புச் சட்டங்கள் அகற்றப்பட்டுவிட்டன. ஏணி மட்டும் நீங்கள் பார்த்த இடத்திலேயே இருக்கிறது.