கத்சுரென் கோட்டை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒகினாவாவின் கத்சுரெனில் ஏன் வெறும் கல் சுவர் மட்டும் நிற்கிறது? ஜப்பானியக் கோட்டை என்றால் அடுக்கடுக்காகக் கோபுரம் இருக்குமே?

பதில்: அது ஜப்பானியக் கோட்டை இல்லை. ஒகினாவா ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்த காலத்துக் ‘குசுகு’, அதாவது அந்த ஊர்க் கோட்டை. சுண்ணாம்புக்கல் சுவர் குன்றின் வளைவோடு வளைந்து ஏறும். மேலே இருந்த கட்டடம் போய்விட்டது. அதன் கூரை ஓடுகள் மட்டும் அகழாய்வில் கிடைத்தன.

கேள்வி: அங்கே ரோமானியக் காசு கிடைத்ததாமே! ரோமர்கள் வந்தார்களா?

பதில்: வரவில்லை. 2016இல் அறிவித்த அந்தச் செப்புக் காசுகளோடு 17ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் காசும் இருந்தது. அதற்காகத் துருக்கியரும் வந்தார்கள் என்போமா? காசு கைமாறிக் கைமாறித்தான் வரும். கத்சுரென் வணிகத்தின் வீச்சு தெரிய வேண்டுமானால், அங்கே கிடைத்த சீன நீலவெள்ளைப் பீங்கானைப் பாருங்கள்.

கேள்வி: கத்சுரென் தலைவன் அமவாரி துரோகிதானே?

பதில்: வழக்கமான கதை இது. நகாகுசுகு கோட்டையின் கொசமாரு கலகம் செய்யப் போகிறார் என்று அமவாரி அரசர் ஷோ தைக்யூவிடம் கோள் மூட்டினான். அரசர் படை கொடுத்தார், கொசமாரு தற்கொலை செய்துகொண்டார். அப்புறம் அமவாரியே அரசரின் தலைநகர் ஷுரியைத் தாக்கத் திட்டமிட்டது வெளிப்பட்டு, அதே 1458இல் அவனும் ஒழிக்கப்பட்டான்.

இப்போது உறவுமுறையைப் பாருங்கள். கொசமாரு அரசரின் மாமனார். அமவாரி அரசரின் மருமகன். இரண்டு கோட்டைகளும் ஷுரிக்கு வடகிழக்கே, ஒரே விரிகுடாவைப் பார்த்தவை. மாமனாரும் மருமகனும் ஒரே ஆண்டில் காலி. லாபம் யாருக்கு?

எப்போதும் சொல்வதுதான்: எழுதியது யார், எப்போது என்று முதலில் பாருங்கள். ரியூக்யூவின் முதல் அரச வரலாறே 1650இல்தான் வந்தது, அதுவும் ஷுரியில். பழைய பாடல் தொகுப்பான ‘ஓமோரோ சோஷி’யோ கத்சுரெனை யமாத்தோவின் (ஜப்பானின்) ஆட்சி நகரான காமகுராவுக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறது.

கேள்வி: துரோகிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். அமவாரியைக் கொசமாருவின் மகன்கள் பழிவாங்கியது பொய்யா?

பதில்: அது 1719இல் அரசவையில் அரங்கேறிய நாடகம், ஐயா! அதற்குள் கொசமாருவின் வம்சம் ஷுரியில் பெரிய குடும்பமாகிவிட்டது. அமவாரிக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள்? அவன் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. வென்றவர் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: ரோமர்கள் வழி தவறிக்கூட வந்திருக்கலாமே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சோழர்கள்?

பதில்: ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025. அமவாரிக்கும் அதற்கும் நானூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. ரியூக்யூக் கப்பல்கள் பின்னாளில் மலாக்காவுக்குப் போயின, தமிழ் வணிகர்களும் அங்கே இருந்தார்கள். அவ்வளவே.

கேள்வி: ரோமானியக் காசு...

பதில்: அடுத்தவர்.

கேள்வி: கொசமாரு கோட்டை அத்தனை வலுவானது என்கிறார்களே, பிறகு ஏன் எதிர்க்கவில்லை?

பதில்: நல்ல கேள்வி. வலு உண்மைதான். 1853இல் வந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் ஆட்களே அந்தச் சுவர்களை அளந்து வியந்தார்கள். வந்தது அரசரின் படை என்பதால் கை ஓங்க மறுத்தார் என்பது கதை. மறுபடியும் ஷுரி சொன்ன கதை. எதிர்த்திருந்தால் அந்த வம்சத்துக்கு அரசவையில் இடம் கிடைத்திருக்குமா?