ஜாப் (முன்னிருக்கும் கையால் விடும் நேர்குத்து) விட்டவுடன் கால் பிடிபடுவது ஏன்?

குத்துவதைக் குறைக்க வேண்டியதில்லை. குத்தும்போது உடலின் எடை எங்கே நிற்கிறது என்பதைத்தான் திருத்த வேண்டும். குத்துச்சண்டையில் பழகிவிட்டு எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைக்கலை) வகுப்பில் சேர்ந்த உங்களை, ஒவ்வொரு ஜாபுக்கும் மல்யுத்தக்காரர் காலை வாரிவிடுகிறார் என்றால், பெரும்பாலும் எட்டிக் குத்தும் பழக்கமே காரணமாக இருக்கும். எடை முழுவதும் முன்காலில் இறங்கிவிட்டால் அந்தக் காலை உடனே பின்னிழுக்க முடியாது. நீட்டிய கைக்கு அடியில் அவர் எளிதாக நுழைந்துவிடுவார்.

1. ஜாபுக்கு மட்டும் கால் பிடிக்குமாறு கூட்டாளியிடம் சொல்லி, பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படமெடுங்கள். கை முழுதாக நீண்ட கணத்தில் உங்கள் மூக்கு முன்முழங்காலைத் தாண்டியிருந்தால் கோளாறு அதுதான்.

2. குத்தைச் சற்றுக் குறுக்கி, அவர் குனிந்தவுடன் இரு கால்களையும் பின்னே வீசி, இடுப்பை அவருடைய தோள்மேல் இறக்கி ஸ்ப்ரால் செய்யுங்கள்.

விழுந்த பின் எழும் பயிற்சியையும் தள்ளிப்போடாதீர்கள். 1993-இல் நடந்த முதல் யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டியில் ஒற்றைக் கையுறையோடு இறங்கிய குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன், ஜியு-ஜிட்சு வீரர் ஹாய்ஸ் கிரேசி மேலேறி அமர்ந்ததும் கை, கழுத்து என எந்தப் பூட்டும் விழாமலே தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஸ்ப்ராலுக்காக நிலையை அதிகம் தாழ்த்தி அகட்டினால் முன்காலுக்கு வரும் உதையைத் தடுப்பது கடினமாகும் என்பதால், உதைகளும் உள்ள தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவாய் தாய் சுற்றுகளில் அப்படி நிற்க வேண்டாம்.