ஒழுகும் கோர்ட் கூரைக்குக் காங்கிரீட் போடலாமா?

கேள்வி: காவிரிக்கரையில் உள்ள எங்கள் ஊர் முன்சீப் கோர்ட் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். ஐப்பசி மழையில் தாழ்வாரம் ஒழுகுகிறது. தளத்தின்மேல் நான்கு அங்குலக் காங்கிரீட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா? – ஒரு வழக்கறிஞர்

பதில்: கூடவே கூடாது. நீங்கள் அனுப்பிய படத்தில் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. அது மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய சுண்ணாம்புத் தளம். கட்டைகளின்மேல் ஆச்சிக்கற்கள் என்னும் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். நான்கு அங்குலக் காங்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 240 கிலோ கூடுதல் பாரம். சுண்ணாம்புத் தளம் குடித்த ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சிமெண்டால் மூடினால் அந்த ஈரம் கீழிறங்கி, சுவருக்குள் செருகிய கட்டை முனையை உளுத்துப்போக வைக்கும்.

முதலில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் மழைநீர் வடியும் தூம்பின் வாயில் சருகு அடைத்திருக்கும், கைப்பிடிச்சுவர் ஓரத்தில் அரசங்கன்று வேர்விட்டிருக்கும். 1892-ல் திறந்த சென்னை உயர்நீதிமன்றம்போல் குவிமாடம் இல்லாததால் இந்தக் கோர்ட்டுகளை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. உயர்ந்த கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் கட்டடக்கலை இல்லையா?

சிமெண்ட் ஆகிற இடம் ஒன்று உண்டு: பின்னாளில் ஒட்டுக்கட்டிய கம்பி காங்கிரீட் அறை. கீழிருந்து பார்த்தால் கட்டை தெரியாது. ஆனால் கட்டை தெரியாததாலேயே காங்கிரீட் என்று முடிவுகட்டாதீர்கள். பலகை அடித்தும் மறைத்திருப்பார்கள். ஒரு பலகையைக் கழற்றி, விளக்கடித்துப் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

பழைய மரம் வாங்க வருகிறவர்களிடம் உஷாராக இருங்கள். ஓர் ஊரில் 'செல்லரித்தது' என்று இறக்கிய உத்திரம் நான் போவதற்குள் லாரி ஏறிவிட்டது. அறுத்துப் போட்ட துண்டு மட்டும் கிடந்தது: உள்ளே தேன் நிறம், எண்ணெய் வாசம், செல்லின் சுவடே இல்லை. கட்டை முனையில் திருப்புளியை அழுத்துங்கள். எளிதில் இறங்கினால்தான் கெட்டது. அப்போதும் முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப்போடலாம்.

குறைந்த விலை டெண்டருக்கே வேலை, மார்ச் 31-க்குள் பில் என்ற அவசரத்தில் சுண்ணாம்பு ஊற நேரம் ஏது? மழை ஓய்ந்த மாசியில் தொடங்குங்கள். சுண்ணாம்பை நீற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கொத்தனாரைக் கேளுங்கள். 'நேற்று' என்றால் அவரைத் திருப்பி அனுப்புங்கள்.