வில்லாளிக்கு எந்தக் காலணி?

வணக்கம் அக்கா,
லீட்ஸில் வேலை பார்க்கிறேன். பழைய போர்களை அந்தக் கால உடையோடு நடித்துக்காட்டும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் 1471இல் நடந்த டியூக்ஸ்பரி போரில் நான் ஒரு வில்லாளி. இணையத்தில் நீண்ட மூக்கு வைத்த தோல் பூட்ஸ் கிடைக்கிறது. வாங்கலாமா, நானே தைக்கலாமா?
ஆ.

அன்புள்ள தம்பி,

அதை வாங்காதீர்கள். ரப்பர் அடியும் குதிகால் உயரமும் அந்தக் காலத்தில் கிடையாது. மூக்கு விஷயத்தில் சட்டமே இருந்தது. பிரபுவுக்குக் கீழ்ப்பட்டவர்களின் காலணி மூக்கு இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட் ஆட்சியில் 1463இல் கொண்டுவந்தார்கள். உங்கள் வில்லாளிக்குக் கணுக்கால்வரை வரும், லேசாக முனை கூர்ந்த காலணி போதும்.

தைத்தே விடுங்கள். கைக்கு அடங்கிய வேலைதான். முதலில் தோலைப் பாருங்கள். வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாக இருந்தால் அது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல், 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உள்ளே முழுக்கப் பழுப்பாக இருக்கவேண்டும். அங்கே ஓக் மரப்பட்டையில் பதனிட்டார்கள். நம்மூரில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் இதே வகைதான்.

அப்புறம் தையல். காலணியை உள்வெளியாக, மர அச்சின்மேல் வைத்துத் தைத்து, பிறகு நல்ல பக்கம் வெளியே வரப் புரட்டவேண்டும். வளைந்த குத்தூசி அடித்தோலின் உட்பக்கத்தில் நுழைந்து, மறுபக்கம் போகாமல், ஓரத்தின் கனத்திலேயே வெளிவரவேண்டும். அப்போதுதான் புரட்டிய பிறகு நூல் தரையில் தேயாது. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே மெல்லிய தோல் பட்டை ஒன்றையும் சேர்த்துத் தையுங்கள், தண்ணீர் சுலபமாக உள்ளே வராது. லினன் நூலுக்குத் தேன்மெழுகு தேய்க்க மறக்காதீர்கள்.

புரட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நன்றாக ஊறவிடுங்கள். என் முதல் ஜோடியை அவசரத்தில் அரைகுறை ஈரத்தோடு புரட்டினேன். குதிகால் பக்கம் நான்கு தையல் பிய்ந்துபோயிற்று. மழுங்கிய குச்சியால் முனையை உள்ளிருந்து மெல்லத் தள்ளினால் தோல் வழிவிடும். அந்தக் கணம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

தேம்ஸ் கரைச் சேற்றிலிருந்து எடுத்த இடைக்காலக் காலணிகள் லண்டன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. லினன் நூல் மக்கிப்போனாலும் ஊசித்துளைகள் அப்படியே நிற்கின்றன. அந்தப் படங்களை வைத்துத் தையல் இடைவெளியைப் பழகுங்கள். நீள மூக்குக் காலணிகள் சிலவற்றில் அடைத்து வைத்த பாசிகூட மிஞ்சியிருக்கிறது.

ஒன்று முக்கியம். கால் அளவை எடுக்கும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். போர்க்களத்தில் அதைத்தானே போடப்போகிறீர்கள்.

அன்புடன்,
அக்கா