வயல் மண்ணிலிருந்து வரும் காய்ச்சல்: டாக்டர் பதில்கள்

பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூனில்) பொது மருத்துவத்திலும் தொற்றுநோய் ஆய்விலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ் மருத்துவர் ஒருவரிடம், மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றியும் எளிதில் பிடிபடாத உள்ளுறுப்பு நோய்களைப் பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளும், அவர் எழுதி அனுப்பிய பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி (யாங்கோன்): வயல் மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோயை முதன்முதலில் நம் ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா, ஐயா?

பதில்: உண்மைதான். 1911ஆம் ஆண்டு ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் விட்மோரும், அவருக்கு உதவியாளராக இருந்த சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதிக்கும்போது அதுவரை யாரும் எழுதியிராத ஒரு நோயைக் கண்டார்கள். நுரையீரல் பாலாடைக்கட்டி போல இறுகியிருந்தது. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், தோலுக்கு அடிப்புறம் என்று பல இடங்களில் சீழ்க்கட்டிகள் இருந்தன. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோயைப் போலத்தான் அது முதல் பார்வைக்குத் தெரிந்தது. ஆனால் சீழிலிருந்து வளர்த்தெடுத்த கிருமி தானாக நீந்தியது, மிக வேகமாகப் பெருகியது. கிளாண்டர்ஸ் கிருமிக்கு நீந்தும் ஆற்றல் கிடையாது. அந்த ஒரு வேறுபாட்டை அசட்டையாக விட்டிருந்தால் நோய் இன்னும் பல ஆண்டுகள் பெயரில்லாமலேயே கிடந்திருக்கும்.

இருவரும் 1912இல் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் ஏழைகள் என்பதால், அது போதை ஊசிக்காரர்களின் நோய் என்ற எண்ணம் பரவியது. 1917இல் கிருஷ்ணசாமி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மார்ஃபின் ஊசி இடம்பெற்றிருந்தது. ரங்கூனில் நடந்த பிரேதப் பரிசோதனைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் இந்த நோய் காணப்பட்டது என்பதையும் அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. இத்தனை பேரிடம் கண்ட நோய், பின்னர் நம் நாட்டு மருத்துவ ஏடுகளிலிருந்து பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மறைந்தே போனது. நோய் போய்விடவில்லை, தேடுவதற்கு ஆய்வுக்கூடம் இல்லை. இப்போது தேடத் தொடங்கியதும் மண்ணிலும் கிடைக்கிறது, நோயாளிகளிடமும் கிடைக்கிறது. கிருஷ்ணசாமி என்பது நம் வீடுகளில் புழங்குகிற பெயர் என்பதால், இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம் என்பது என் ஆசை.

கேள்வி (பெகு): அப்பாவுக்கு வயது 56. சர்க்கரை நோய் உண்டு. நடவு முடிந்ததிலிருந்து மூன்று வாரமாகக் காய்ச்சலும் இருமலும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று டி.பி. மாத்திரை தொடங்கினார்கள். சளியில் டி.பி. கிருமி இல்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. இருந்தாலும், நீங்கள் எழுதிய மூன்று வரியில் சர்க்கரை, சேற்று வயல், சளியில் கிருமி காணாத 'டி.பி.' ஆகிய மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால், அவருக்கு மெலியாய்டோசிஸ் இல்லை என்று உறுதிப்படுத்தும்வரை சும்மா இருக்கக் கூடாது. நாளைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ பிதற்றினாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்வது. கால் வெடிப்பு, கீறல் வழியாக உடலுக்குள் போகும். கலங்கிய நீரைக் குடிப்பதாலும், சூறைக்காற்று மழையில் பறக்கும் நீர்த்துளியை மூச்சில் இழுப்பதாலும் போகும். நல்ல உடல்நலமுள்ளவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை உள்ளவர்கள், மிதமிஞ்சிக் குடிப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நாள்பட விழுங்குபவர்கள் ஆகியோரைத்தான் அது பெரும்பாலும் வீழ்த்துகிறது. (மூட்டுவலிக்கென்று சந்தையில் பொட்டலம் கட்டி விற்கும் மாத்திரைகளில் பலவும் ஸ்டீராய்டுதான். மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள்.) நுரையீரலில் வந்தால் எக்ஸ்ரேயில் அச்சு அசலாக டி.பி. போலவே இருக்கும், இளைப்பும் இரவு வியர்வையும்கூட அப்படியே.

மருத்துவரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, ரத்தம், சிறுநீர், சளி, தொண்டைத் துடைப்பு, சீழ் இருந்தால் சீழ் என எல்லாவற்றையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். சளி மட்டும் போதாது. மற்றது, அனுப்பும் சீட்டில் 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று எழுத வேண்டும். அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கிருமி கண்ணெதிரே வளர்ந்தாலும் கைநழுவிப் போகலாம். முதல் கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை என்பதாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. நோய் இருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேரிடம்தான் கல்ச்சர் அதைக் காட்டுகிறது, ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். வயிற்றை ஸ்கேன் செய்து கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறு சீழ்க்கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது பெரிய உதவி. மண்ணீரலில் பல கட்டிகள் தெரிந்தால் என் சந்தேகம் பாதி உறுதியாகிவிடும்.

டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி (பெகு, மேற்கண்டவரே): அம்மாதான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்குத் தொற்றுமா?

பதில்: மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாகப் பதிவான நிகழ்வுகள் மிக மிக அரிது. சீழையும் சளியையும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும். தட்டு, படுக்கை எதையும் தனியே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சளியில் டி.பி. இல்லையென்று உறுதியாகும்வரை முகக்கவசம் இருக்கட்டும்.

கேள்வி (மோல்மீன், ஆய்வுக்கூடப் பணியாளர்): எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் இதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, தம்பி. விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமலேயே சந்தேகிக்க முடியும். கிராம் நெகட்டிவ் கோல்வடிவக் கிருமி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய மருந்துகளுக்கு அசையாது, ஆனால் கோ-அமாக்சிகிளாவ் மருந்துக்குப் பணியும். இந்தச் சேர்க்கை வேறு கிருமிகளிடம் அரிது. ஜென்டாமைசின் சேர்த்த ஆஷ்டவுன் அகார் என்ற வளர்ப்பூடகத்தில் வளர்த்தால், சில நாட்களில் ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த, உலர்ந்த திட்டுகளாகத் தெரியும். முதல் நாளில் தட்டைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எறிந்துவிடக் கூடாது. ரத்தத்தில் வளர்ந்த கிருமியை 'ஏதோ சூடோமோனாஸ் வகைக் கிருமி, வெளியிலிருந்து கலந்தது' என்று ஒதுக்கிவிடுவதுதான் உலகெங்கும் நடக்கிற தவறு.

தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகராதீர்கள். மண்வாசனை வரும் என்று பழைய பாடநூல்களில் படித்துவிட்டுச் சிலர் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாளுங்கள். பெட்டி இல்லையென்றால் தட்டின் ஓரத்தை ஒட்டிவிட்டு, அடுத்த நிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே நல்லது.

கேள்வி (தட்டோன்): ஆறு வயதுப் பேரனுக்கு ஒரு பக்கக் கன்னம் காதடியில் வீங்கிப் பத்து நாள் ஆகிறது. புட்டாலம்மை என்று வேப்பிலை அரைத்துப் பூசுகிறோம்.

பதில்: அம்மா, புட்டாலம்மை பத்து நாளில் வற்றத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரே பக்கம், தொட்டால் சூடு, காய்ச்சல், தோல் சிவந்து பளபளப்பது ஆகியவை இருந்தால் அது உமிழ்நீர்ச் சுரப்பியில் சீழ் கட்டியதாக இருக்கலாம். தாய்லாந்தில் மெலியாய்டோசிஸ் வரும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படித்தான் வருகிறது. அந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சர்க்கரை நோயோ வேறு குறையோ இருப்பதில்லை. குளத்து நீரையும் காய்ச்சாத கிணற்று நீரையும் குடித்த பிள்ளைகளாக இருக்கலாம். சீழை அறுவை மருத்துவர் எடுக்க வேண்டும், எடுத்ததைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியினூடே போவதால் வீட்டில் கீறிவிட வேண்டாம். உரிய காலத்தில் மருத்துவம் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

கேள்வி (யாங்கோன்): என் கணவருக்கு இந்த நோய் உறுதியாகிவிட்டது. ஆறு நாளாக ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. மருந்து தவறா? செலவும் தாங்கவில்லை.

பதில்: மருந்து சரியாக இருந்தாலும் காய்ச்சல் விடுவதற்குச் சராசரியாக ஒன்பது நாள் பிடிக்கும்; பெரிய சீழ்க்கட்டிகள் இருந்தால் அதற்கும் மேலே போகும். ஆறாம் நாளில் மனம் தளர வேண்டியதில்லை. அவருக்குச் செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் போகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோனை இந்த நோயில் நம்ப முடியாது. செப்டாசிடிமின் அருமை தெரிய வேண்டுமென்றால் தாய்லாந்தின் உபோன் ராட்சதானி மருத்துவமனையில் நடந்து 1989இல் வெளியான ஆய்வைச் சொல்ல வேண்டும்: கடும் நோயாளிகளில் பழைய மருந்துகளால் 74 விழுக்காட்டினர் இறந்தார்கள், செப்டாசிடிம் பெற்றவர்களில் அது 37 ஆகக் குறைந்தது. ஒரு மாகாண மருத்துவமனையில் செய்த ஆய்வு உலகம் முழுவதும் மருத்துவ முறையை மாற்றியது.

ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். காய்ச்சல் நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வருவதற்கு முதன்மையான காரணம் அதுதான். மாத்திரை விலை குறைந்தது என்பதால், செலவுக்குப் பயந்து சிக்கனம் செய்ய வேண்டிய இடம் அதுவல்ல. இடையிடையே ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்க வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (தட்டோன்): என் தாத்தா மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே தங்கிவிட்டவர். அந்தக் காலத்துக் கிருமி உடலில் ஒளிந்திருந்து முதுமையில் வெளிவரும் என்பது கதையா?

பதில்: கதையல்ல, ஆனால் அபூர்வம். நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிய மூன்று வாரத்துக்குள் அது தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்த நோய் வெளிப்பட்டதாக மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. ஆனால் இங்கேயே வாழ்ந்து ஆண்டுதோறும் மழைநீரில் நடப்பவருக்கு நோய் வந்தால், அது பழையதா போன மாதத்ததா என்று ஆராய்வதில் பயனில்லை. மருத்துவம் இரண்டுக்கும் ஒன்றே.

கேள்வி (சென்னை): இது பர்மாவோடு நின்றுவிட்ட நோயா?

பதில்: இல்லை. 2016இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு நோயும் 89,000 பேருக்கு மரணமும் நேர்கின்றன என்று கூறியது. நாடுகளில் மிக அதிக எண்ணிக்கை இந்தியாவுக்கே கணிக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மணிப்பாலும் தொடர்ந்து நோயாளிகளைக் கண்டறிந்து எழுதிவருகின்றன. இலங்கையிலும் உண்டு. நெல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும் இடமெல்லாம் தேடிப்பார்க்க வேண்டும்.

கேள்வி (துவாண்டே): என் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்து நான்கு ஆண்டு ஆகிறது. சிறுநீரகம் கெட்டுப் பிழைத்துவந்தான். இப்போது எப்போதும் சோர்வு, குளிர் தாங்கவில்லை, மீசை தாடி உதிர்ந்துவிட்டது. திருமணமாகியும் குழந்தை இல்லை. யாரோ செய்வினை என்கிறார்கள்.

பதில்: செய்வினை அல்ல. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பர்மிய மருத்துவர்கள் உலகுக்குச் சொன்ன ஒரு நோயை வரிக்கு வரி எழுதியிருக்கிறீர்கள். மூளைக்கு அடியில் பயறு அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் தைராய்டு, அட்ரினல், விரை, சூலகம் எல்லாவற்றையும் ஏவுகிறது. இந்த நாட்டு விரியனின் நஞ்சால் ரத்தம் சிலருக்கு அந்தச் சுரப்பிக்குள் கசிந்தோ உறைந்தோ அதை அழித்துவிடுகிறது. பிரசவத்தில் பெருமளவு ரத்தம் இழந்த பெண்களுக்கு வருகிற ஷீஹன் நோயோடு இதை ஒப்பிட்டு, துன் பே முதலிய பர்மிய ஆய்வாளர்கள் 1987இல் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். பின்னர் தென்னிந்தியாவிலும் இத்தகைய நோயாளிகள் காணப்பட்டார்கள்.

தம்பியை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். பாம்பு கடித்த செய்தியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுக்கு முன்னால் நடந்தது என்று விட்டுவிட்டால் அவர் வெறும் தைராய்டு குறை என்று நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் காலை நேர அளவைப் பார்க்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கினால், அட்ரினல் சுரப்பி திடீரெனக் கைவிட்டு நோயாளி மயங்கி விழக்கூடும். முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன், அதன்பின் தைராக்சின், பிறகு ஆண் ஹார்மோன் என்பதே வரிசை. வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சலோ அறுவை மருத்துவமோ வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும். சில மாதங்களில் ஆள் மாறிவிடுவார். குழந்தைப் பேற்றுக்கும் தனியே ஊசி மருத்துவம் உண்டு. அதை அடுத்த கட்டமாகக் கேளுங்கள்.

கேள்வி (துவாண்டே, வேறொருவர்): கடித்தவுடன் கயிறு இறுக்கிக் கட்டலாமா? இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் விஷமுறிவு மருந்து நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டாம். நம் நாட்டு விரியன் இந்தியாவின் விரியனிலிருந்து வேறான இனம். அதற்கு இங்கே தயாரிக்கும் மருந்துதான் பொருந்தும். கடிபட்டவரை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையவில்லையென்றால் மருந்து தொடங்கும் நேரம் அது.

கேள்வி (பெகு): வெறுங்காலோடுதான் நாற்று நடுகிறோம். ரப்பர் பூட்ஸ் போட்டால் சேற்றில் காலை எடுக்கவே முடியாது. வேறு வழி உண்டா?

பதில்: நடவு நேரத்தில் முழங்கால் பூட்ஸ் நடைமுறைக்கு ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும். எனவே வேலையைப் பிரித்துப் பாருங்கள். அறுவடையிலும் வைக்கோல் அள்ளுவதிலும் வரப்பில் நடப்பதிலும்தான் விரியன் கடி மிகுதி. அப்போது தரை கெட்டியாக இருக்கும், பூட்ஸும் கையுறையும் போடலாம். வெப்பத்துக்கு ஏற்ற இலேசான பூட்ஸையும் கையுறையையும் விரியனையே கடிக்கவிட்டுச் சோதித்த பர்மிய ஆய்வு ஒன்று உண்டு. அவை நல்ல காப்புத் தருகின்றன என்பதே அதன் முடிவு. சேற்று வேலையில், காலில் புண்ணோ வெடிப்போ உள்ளவரும் சர்க்கரை நோயாளியும் இறங்க வேண்டாம். அந்த ஒரு வாரம் அவருக்கு விதை பிரிப்பது, கட்டுக் கட்டுவது போன்ற வேலை கொடுங்கள். மற்றவர்கள் கரையேறியதும் சுத்தமான நீரில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடைக்க வேண்டும். வயலுக்குக் கொண்டுபோகும் குடிநீர் வீட்டில் காய்ச்சியதாக இருக்கட்டும். வாய்க்கால் நீரை வாயில் வைக்காதீர்கள். இடிமழை பெய்யும்போது வேலையை விட்டு ஒதுங்குங்கள். மெலியாய்டோசிஸுக்குத் தடுப்பூசி இன்னும் கிடையாது.